லூமன் போதும், சிவப்பைக் காட்டுங்க

ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு டார்ச் வாங்கிட்டு வர்ற வழக்கம் உங்களில் பல பேருக்கு இருக்கு. ஆன்லைனில் தேடி, இருக்கிறதிலேயே பெரிய நம்பர் போட்டதாப் பார்த்து வாங்குவீங்க. பெட்டி மேல 10,000 லூமன், 2 கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பாசத்தோடுதான் வாங்கி வர்றீங்க, அதில் சந்தேகமில்லை. ஆனா ராத்திரியில் வயலுக்கும் தொழுவத்துக்கும் போற ஆள் கையில் இருக்க வேண்டிய சாமான் அது இல்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் அந்த நம்பரைப் பார்த்துடலாம். நல்ல வெள்ளை எல்இடி ஒன்று, டார்ச்சுக்குள் வேலை செய்யும்போது வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்க. 10,000 லூமனுக்கு 70 வாட்டாவது வேணும். கையில் பிடிக்கிற சின்ன அலுமினியக் குழாயில் அதைத் தொடர்ந்து எரிச்சா அஞ்சு நிமிஷத்தில் நீங்களே கீழே போட்டுடுவீங்க. உள்ளே இருக்கும் 18650 பேட்டரியில் 9,900 எம்ஏஎச் என்று அச்சடிச்சிருப்பான். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகளே 3,500 சுற்றுவட்டாரத்தில்தான் நிக்குது. இந்தப் பொய்யைக்கூட மன்னிச்சுடலாம். என் கோபம் வேற.

அந்த வெளிச்சத்தில் சிவப்பு இல்லை.

வெள்ளை எல்இடி பிறப்பிலேயே வெள்ளை கிடையாது. உள்ளே இருப்பது நீல சிப். அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து நம்ம கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது. 1996-ல் ஜப்பானின் நிச்சியா கம்பெனி இந்த உத்தியில்தான் வெள்ளை எல்இடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலிவு டார்ச்சில் இன்னைக்கும் அதே சூத்திரம்தான். வெளிச்சத்திலேயே இல்லாத நிறத்தைப் பொருள் எங்கிருந்து திருப்பித் தரும்? அந்த டார்ச்சை உங்க உள்ளங்கையில் அடிச்சுப் பாருங்க. செத்தவன் கை மாதிரி இருக்கும்.

ஒரு விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டுது என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு அளவு இருக்கு. பழைய குண்டு பல்புக்கு ஏறத்தாழ 100. குளிர்ந்த வெள்ளை எல்இடிக்குப் பெரும்பாலும் 70. எழுபது மார்க் என்றதும் முதல் வகுப்பு என்று நினைச்சுடாதீங்க. அந்த சராசரி எடுப்பது எட்டு வெளிர் நிறங்களுக்கு மட்டும். அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது, அதன் பேர் ஆர்9, அது சராசரியில் சேராது. எழுபது வாங்கின எல்இடிகள் பலதில் இந்த ஆர்9 பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸில் கிடக்கும். மார்க் சீட்டில் காட்டாத பாடத்தில் பையன் ஃபெயில்.

சிவப்பு தெரியலைன்னா என்ன குடிமுழுகிப் போச்சு என்று கேட்கலாம். ஆடு வளர்க்கிறவனைக் கேளுங்க. ஆட்டின் வயித்தில் ரத்தம் உறிஞ்சும் புழு சேர்ந்துடுச்சா என்பதைக் கீழ் இமையைப் பிதுக்கி, உள் சதையின் நிறத்தை வைத்துத்தான் சொல்றோம். தென்னாப்பிரிக்காவில் இதுக்கென்றே ஃபமாச்சா என்று ஒரு அட்டை உருவாக்கினாங்க. நல்ல சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து படி. நாலும் அஞ்சும் என்றால் மருந்து கொடுத்தே ஆகணும். ஒன்றும் ரெண்டும் என்றால் கொடுக்கக் கூடாது, ஏன்னா மந்தைக்கே கண்ணை மூடிக்கிட்டு ஊத்தினா புழு மருந்துக்குப் பழகிடும். இதைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கணும் என்பது விதி. ஆனா ஆடு சாய்ஞ்சு படுக்கிறது ராத்திரி பதினொரு மணிக்கு. உங்க பத்தாயிரம் லூமனில் பார்த்தா எல்லா ஆட்டுக்கும் இமை வெளுப்பாத்தான் இருக்கும்.

பால் கறக்கும்போது சொம்பில் லேசா ரத்தம் கலந்து இளஞ்சிவப்பா வருதா, கன்று ஈன்ற மாட்டின் ஒழுக்கு என்ன நிறம், புண் ஆறுதா சீழ் வைக்குதா, எல்லாமே சிவப்புக்கும் பழுப்புக்கும் இடையில் நடக்கிற சமாச்சாரம்.

அடுத்து பாம்பு. 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் செத்திருக்காங்க என்பது ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். அதில் பெரிய பங்கு கண்ணாடி விரியனுக்கு. அதன் உடம்பு பழுப்பு, அதில் கரும்பழுப்பு வட்டங்கள், படுத்திருப்பதோ காய்ஞ்ச சருகில். பழுப்பில் பழுப்பைப் பிரிச்சுக் காட்ட சிவப்பும் செம்மஞ்சளும் வேணும். நல்ல டார்ச் இருந்தா பாம்புக்கடி நின்னுடும் என்று நான் சொல்லலை. முழங்கால் வரை பூட்ஸும் கையில் தடியும்தான் முதல். ஆனா மும்முனை மின்சாரம் நடுராத்திரி வந்து, மோட்டார் போட வரப்பில் நடக்கிறவனுக்கு, காலுக்கு ரெண்டு முழம் முன்னாடி கிடப்பது சருகா உயிரா என்று தெரியணும். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பனைமரம் தெரிஞ்சு என்ன செய்ய?

நியாயமா ஒன்று ஒத்துக்கணும். தூரத்தில் காட்டுப்பன்னி விரட்டக் குளிர்ந்த வெள்ளை போதும். அவ்வளவு மங்கலில் நம்ம கண்ணே நிறம் பார்க்காது.

சரி, கம்பெனிக்காரன் ஏன் சிவப்பைச் சேர்க்க மாட்டேங்கறான்? லூமன் என்ற அளவே மனுஷக் கண்ணின் கூர்மையை வைத்து எடுப்பது. கண்ணுக்குக் கூர்மை அதிகம் 555 நானோமீட்டர் பச்சையில். 650-ல் இருக்கும் சிவப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு. சிவப்பு பாஸ்பர் சேர்த்தால் லூமன் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதுக்கு மேலும் குறையும். பெட்டியில் நம்பர் சின்னதாப் போகும், பக்கத்துக் கடைக்காரன் ஜெயிச்சுடுவான். வேடிக்கை என்னன்னா, ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் குறைஞ்சதை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். நிறம் செத்துப் போனது உடனே தெரியும்.

"அதெல்லாம் நகைக்கடை, துணிக்கடை சமாச்சாரம்" என்று ஒரு நண்பர் சொன்னார். அங்கதான் வயிறு எரியுது. பட்டுப்புடவையை வாசலுக்கு எடுத்துட்டு வந்து வெயிலில் விரிச்சுப் பார்க்கிற ஜனம் நாம. அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியணும் என்று கடைக்காரன் உசத்தி விளக்கு போடுறான். ஆட்டின் இமைக்கு அது ஆடம்பரமாம்.

இது பெரிய செலவும் இல்லை. நான் மாத்திக் கொடுக்கிற டார்ச்சுகளில் நிச்சியா 519ஏ போடுகிறேன். 3.5 மில்லிமீட்டர் சதுரம், சிஆர்ஐ 90-க்கு மேல். வாங்கும்போது ஆர்9050 என்று குறிப்பு இருக்கணும். சிவப்புக்கு ஐம்பதாவது உண்டு என்று அர்த்தம். செம்புப் பலகையில் சால்டர் பேஸ்ட் துளியூண்டு வைத்து, எல்இடியை இடுக்கியால் உட்கார வைத்து, தலைகீழாகக் கவுத்த பழைய இஸ்திரிப்பெட்டி மேல வைக்கணும். 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும். உருகினதும் எல்இடி தானே நகர்ந்து நேராகும். பக்கவாட்டில் லேசாத் தட்டினா திரும்ப இடத்துக்கு வரணும். வந்தா கீழே ஈயம் நல்லாப் பிடிச்சிருக்கு. மேலே இருக்கும் சிலிக்கான் குமிழை மட்டும் அமுக்கக் கூடாது.

மாத்தின பிறகு எரியலைன்னு ஆறில் நாலு பேர் தூக்கிட்டு வருவது ஒரே காரணத்துக்கு. ரிஃப்ளெக்டர் அலுமினியம். அதன் அடி, ஒயர் ஒட்டின இடத்தில் உரசி ஷார்ட் ஆகுது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டாப் போதும். விட்டு விட்டு மினுக்கினா வால்பக்க வளையம் லூஸ், அது வழியாத்தான் கரண்ட் திரும்புது. போகப் போக வெளிச்சம் நீலமா மாறினா எல்இடி வேகுது: பலகைக்கும் உடம்புக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட் இல்லை, அல்லது கீழே வெறும் ஓட்டை. கரண்டும் அளவா இருக்கணும். 7135 சிப் ஒன்று 350 மில்லி ஆம்பியர் தரும். தொழுவத்துக்கும் வரப்புக்கும் நாலு சிப் ஏராளம், எட்டு சிப் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு நான் செய்து தருவதில்லை. நடுவில் பழுப்புக் கறை தெரிஞ்சா எவனோ உள்ளே ஃபெவிக்விக் வகை பசை போட்டிருக்கான். அதன் ஆவி குமிழுக்குள் இறங்கியிருக்கு. கண்ணாடியைக் கழட்டி ரெண்டு நாள் காத்தாட எரிய விட்டா பெரும்பாலும் தெளிஞ்சிடும்.

அதனால் அடுத்த தடவை கடையில் லூமனைக் கேட்காதீங்க. சிஆர்ஐ எவ்வளவு, ஆர்9 எவ்வளவு என்று கேளுங்க. கடைக்காரர் முழிச்சா, பையில் ஒரு வரமிளகாய் கொண்டு போய் அந்த வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. ஏற்கெனவே வாங்கிக் கொடுத்த டார்ச்சையும் குப்பையில் போட வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது நாலு எல்இடி மட்டும் வாங்கிட்டு வாங்க. இஸ்திரிப்பெட்டி இங்க இருக்கு.