இரண்டு நூலுக்கு எச் எண் இரண்டு

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் பதவி உயர்வுக் குழுவுக்கு வெளி வல்லுநராகப் போயிருந்தேன். எதிரே தமிழ்த் துறை உதவிப் பேராசிரியர் ஒருவர். தன் வட்டாரத்துக் கல்வெட்டுகளுக்குப் பதினோரு ஆண்டு உழைத்துச் சொல்லடைவு தொகுத்தவர். சொந்தப் பணத்தில் அச்சிட்ட தடித்த நூல் மேசைமேல் இருந்தது. யாரும் திறக்கவில்லை.

"ஸ்கோபஸ்ல எத்தனை பேப்பர்? எச் இன்டெக்ஸ் எவ்வளவும்மா?"

"அதுல இல்லீங்க சார்."

ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்துக்கான படிவக் கட்டத்தில் சுழியம் விழுந்தது. நான் மறுத்துப் பேசினேன். எடுபடவில்லை.

எச் இன்டெக்ஸ் என்ற எச் எண், ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்தது. ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோளாகியிருந்தால் அவருக்கு எச் எண் பத்து. கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள்: வாழ்நாளில் இரண்டே நூல் எழுதியவரை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவர் எண் இரண்டைத் தாண்டாது. ஆண்டுக்குப் பல கட்டுரைகள் கூட்டாக எழுதும் துறைக்கு இது பொருந்தலாம். நம் துறை அப்படியல்ல. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை 1960களில் குகை குகையாக ஏறிப் படியெடுத்தார். அந்த உழைப்பு முழு நூலாக வந்தது 2003இல். நடுவே 1977இல் சிந்துவெளி எழுத்துகளுக்குத் தொடரடைவு தந்தார். அவர் மற்ற கட்டுரைகளும் நிறைய எழுதியவர்தான். ஆனால் இன்று பானை ஓட்டில் ஒரு கீறலை எழுத்தென்று வாசிக்க முனைபவர் பிரித்துப் பார்க்கும் அந்த 2003ஆம் ஆண்டு நூல், எச் கணக்கில் ஒன்றே ஒன்று.

காலக் கணக்கும் நமக்கு ஒட்டாது. தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டு வழிவந்த இதழ்த் தாக்க எண், முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களைத்தான் பார்க்கிறது. உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வந்தது. இன்னும் அடிக்குறிப்புகளில் இருக்கிறது. பெயரிலும் சிக்கல்: உ.வே.சா.வின் பெயரையே ஆங்கிலத்தில் சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், சாமிநாதையர் என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். கணினிக்கு அவர் மூன்று பேர். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளையோ தேடுபொறியால் படிக்கவே முடியாது.

இவையெல்லாம் தொழில்நுட்பக் குறைகள், ஒருநாள் சரியாகலாம். என்னை உறுத்துவது வேறு. அந்தக் கூட்டத்துக்கு முந்திய வாரம், ஏரிப் பாசனம் பற்றிய கட்டுரைக்காகக் 'குமிழி' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினேன். அந்த அம்மையாரின் சொல்லடைவுதான் கல்வெட்டுகளைக் காட்டிக் கொடுத்தது. கட்டுரையில் கல்வெட்டு எண்களைக் குறித்தேன். அவர் நூலைக் குறிக்கவில்லை. வழக்கம் அப்படி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள் இருக்கின்றன. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் பொருள் பார்த்துவிட்டு அடிக்குறிப்பு போடுபவர் எத்தனை பேர்? அகராதியும் அடைவும் பதிப்பும் செய்பவர்கள் மேல் ஏறி நின்றுதான் நாம் எழுதுகிறோம். மேற்கோள் எண்ணும் எந்தக் கருவிக்கும் அவர்கள் தெரிவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஏபிஐ என்ற கல்விச் செயல்திறன் மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியபின் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. அவற்றைக் களையத் தரமான இதழ்களைக் குறிக்கும் கேர் பட்டியல் வந்தது. 2025இல் அதையும் கைவிட்டார்கள். இப்போது பொறுப்பு மறுபடி கல்லூரிகளிடமே. இதை நான் நல்வாய்ப்பாகவே பார்க்கிறேன். ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015இல் வெளியான லைடன் அறிக்கை, வட்டாரம் சார்ந்த ஆய்வையும் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் வரும் நல்ல ஆய்வையும் காக்கவேண்டும் என்று தனி நெறியாகவே சொல்கிறது. எழுதியவர்கள் மேற்கோள் அளவியல் வல்லுநர்கள். எண்ணத் தெரியாதவர்கள் அல்லர்.

தேர்வுக் குழுக்களில் உட்காரும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பதாரரின் நூலை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். இருபது பக்கமாவது படியுங்கள். அதைப் பயன்படுத்தும் இரண்டு ஆய்வாளர்களிடம் பேசிவிட்டுப் பிறகு கட்டத்தை நிரப்புங்கள். என் கட்டுரை இன்னும் அச்சேறவில்லை. அந்தச் சொல்லடைவை முதல் அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன்.