லவுஞ்ச் இலவசம்தான்... மீன்சுருட்டி கடைக்காரருக்கு பிசினஸ் கார்டு கட்டுப்படியாகுமா?

"சார், உங்க கடைக்கு பிரீமியம் பிசினஸ் கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு!" இந்த போன் இப்போது சென்னை, கோவை முதலாளிகளுக்கு மட்டும் வருவதில்லை. கடை பெயரில் கரன்ட் அக்கவுன்ட்டும், வருமான வரிக் கணக்கும் இருந்தால் மீன்சுருட்டிக்கும் வரும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர். சென்னை - கும்பகோணம் சாலையும் திருச்சி - சிதம்பரம் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பைப், பெயின்ட், ஆணி, ஒயர் வியாபாரம். அவருக்கு இந்த கார்டு லாபமா?

முதலில் கட்டணம். எச்.டி.எஃப்.சி. வங்கி 2023-ல் சொந்தத் தொழில் செய்பவர்களுக்காகக் கொண்டுவந்த 'பிஸ்பிளாக் மெட்டல்' கார்டை எடுத்துக்கொண்டால், அறிமுகமானபோது ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாய். 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 11,800. ஆண்டுக்கு 7.5 லட்சம் ரூபாய் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி. பேருக்கேற்ற மாதிரி உலோகத்தில் செய்த கார்டு. கல்லாவில் வைத்தால் கனமாகத்தான் இருக்கும்.

இந்த ரக கார்டுகளில் முதலில் சொல்லப்படும் சலுகை ஏர்போர்ட் லவுஞ்ச். மீன்சுருட்டிக்கு வசதியான விமான நிலையம் திருச்சி. ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வருடத்துக்கு ஒரு தடவை விமானம் ஏறுபவருக்கு அந்த இலவச இட்லி எத்தனை ரூபாய் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கோல்ஃப் சலுகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்தது பாயின்ட். சரக்கு வேனுக்குப் போடும் டீசலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயின்ட் கிடையாது. கூடுதல் கட்டணம் 1% மட்டும் தள்ளுபடியாகும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே பாயின்ட் சேர வேண்டுமென்றால் சரக்குக் கொள்முதலை கார்டில் செய்தாக வேண்டும். சிக்கலே அங்கேதான்.

கும்பகோணத்து மொத்த வியாபாரியிடம் கார்டை நீட்டினால் என்ன சொல்வார்? "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்துப் போடணும்ணே." அவர் மேலும் தப்பில்லை. கிரெடிட் கார்டில் பணம் வாங்கினால், அவருக்கு வரும் தொகையிலிருந்து ஏறத்தாழ 2% வரை பிடித்தம் போகும். பாயின்ட், லவுஞ்ச் எல்லாவற்றுக்கும் பெருமளவு காசு வருவது இந்தப் பிடித்தத்திலிருந்துதான்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 62,500 ரூபாய்க்குக் கார்டில் கொள்முதல் செய்தால் வருடத்துக்கு 7.5 லட்சம். கட்டணம் தள்ளுபடி. 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் மதிப்பில் பாயின்ட் கிடைத்தால், வருட லாபம் 7,500 ரூபாய். அதே சரக்குக்கு வியாபாரி 2% கூடுதலாக வாங்கினால் செலவு 15,000 ரூபாய். பாயின்ட்டும் போய், கையிலிருந்து இன்னொரு 7,500 ரூபாயும் போகும்.

கார்டே வாங்காத வியாபாரிக்கு, இடையில் ஒரு நிறுவனம் கார்டிலிருந்து பணத்தை எடுத்து அவர் வங்கிக் கணக்கில் போடும் வழி ஒன்று இருந்தது. 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அப்படிப்பட்ட ஏற்பாட்டை நிறுத்தி வைக்கச் சொன்னது. உரிய அனுமதி இல்லை, பணம் யாருக்குப் போகிறது என்ற விவரம் முழுமையாக இல்லை என்பது அதன் ஆட்சேபம். ரூபே கிரெடிட் கார்டாக இருந்தால் யு.பி.ஐ.யில் இணைக்கலாம். ஆனால் கடையின் வணிக க்யூ.ஆர். கோடுக்குத்தான் போகும். வியாபாரி தன் சொந்த போன் நம்பரைக் கொடுத்தால் போகாது.

அப்படியானால் கார்டால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. பில் தேதிக்கு மறுநாள் வாங்கினால் ஏறத்தாழ 50 நாள் வட்டியில்லாக் கடன். ஆன்லைனில் வாங்கும் பில்லிங் மெஷின், கம்ப்யூட்டர், இன்ஷூரன்ஸ் பிரீமியம் போன்றவற்றுக்கு இது நிஜமான உதவி. (இன்ஷூரன்ஸுக்குப் பாயின்ட் உண்டா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கார்டுக்குக் கார்டு மாறும்.) ஆனால் பழகிய மொத்த வியாபாரி ஏற்கெனவே 30 நாள் கடன் தருகிறார் என்றால், கார்டால் கூடுதலாகக் கிடைப்பது 20 நாள்தான்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. வீடு கட்டும் வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடிக்கிற மாதம் ஒன்று வரும். அப்போது 'மினிமம் டியூ' மட்டும் கட்டிவிடலாம் என்று தோன்றும். பாக்கி 1 லட்சம் நின்றால், மாதம் 3.5% வட்டியில் 3,500 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 630. மொத்தம் 4,130. வருடம் முழுக்கச் சேர்த்த பாயின்ட்டில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் காலி. அதோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாள்கள் கிடையாது. தனிநபர் பெயரில் நடக்கும் கடை என்றால் கார்டு கடன் கடைக்காரரின் சொந்தக் கடன்தான். தவணை தவறினால் அவருடைய சிபில் ஸ்கோரில் விழும். நாளை மகளின் கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனால் அங்கேயும் அது தெரியும்.

கையில் பணம் புரள வேண்டும் என்பதுதான் தேவையென்றால் வேறு வழிகளையும் விசாரிக்கலாம். முத்ரா கடன் இருக்கிறது. உத்யம் தளத்தில் பதிவு செய்த குறுந்தொழில்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள கிரெடிட் கார்டை 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கிளையில் கேட்டுப் பாருங்கள்.

பிரீமியம் கார்டுக்குக் கையெழுத்துப் போடும் முன், அதிகமாகச் சரக்கு எடுக்கும் மூன்று வியாபாரிகளுக்கு போன் செய்து, கூடுதல் காசு இல்லாமல் கார்டு வாங்குவார்களா என்று கேளுங்கள். மூவரும் 'இல்லை' என்றால் 7.5 லட்சம் எட்டாது, கட்டணம் கட்ட வேண்டிவரும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: பாக்கியை முழுசாகக் கட்டிவிட்டு மூடச் சொன்னால், ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி கார்டை மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும்.