வங்கி சாதி கேட்பதில்லை, பத்திரம் கேட்கிறது

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். முதல் மாதமே சில வங்கிகள், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி அதைப் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டிக்க வேண்டியிருந்தது.

இது ஏதோ ஒரு கிளையின் தவறல்ல. 2019-20 முதல் ஐந்தாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படி வசூலித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்ன கணக்கு இது. பணம் இல்லாததற்கே தண்டம்! கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025இல்தான் அதைக் கைவிட்டன.

கணக்கு திறந்தால் வறுமை ஒழியும் என்றார்கள். வெளியூர்ப் பணம் வந்தால் ஒழியும் என்றும் சொல்கிறார்கள். 2023-24இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு என்கிறது ரிசர்வ் வங்கி. அந்தப் பணத்துக்கு ஒரு விடுதலைக் குணம் உண்டு, மறுக்கவில்லை. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்துக்காக ஆண்டை வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அது ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கும் வட்டிக்கும் மருத்துவத்துக்கும் கரைகிறது. அது தொழிலாகவும் சொத்தாகவும் மாற வங்கிக் கடன் வேண்டும். அங்கேதான் கதவு அடைபடுகிறது.

வங்கி சாதி கேட்பதில்லை. அடமானப் பத்திரம் கேட்கிறது. பத்திரம் யாரிடம் இருக்கிறது? தென்னேரி அன்று இருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், பறையர்களுக்கு நிலமும் வீட்டுமனையும் கிடைக்காமல் மிராசுதாரர்கள் தடுத்ததை ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். அதிலிருந்து பிறந்ததே 1892இன் பஞ்சமி நில ஆணை. அந்த நிலமும் பறிபோனது. மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994இல் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலத்தைப் பறித்த சமூகத்தில் பத்திரம் கேட்பது, சாதியைக் கேட்பதன் நாகரிகமான வடிவம்.

கிளைக்கு ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் என்றது 2016இன் ஸ்டாண்ட் அப் இந்தியா. உங்கள் ஊர்க் கிளை கொடுத்ததா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நம் மக்களின் சேமிப்பை வாங்கிவைக்கும் வங்கி, நம் மக்களுக்கு எவ்வளவு கடன் கொடுத்தது என்று கணக்குக் காட்டட்டும். பஞ்சமி நில மீட்பும் வங்கிக் கடன் உரிமையும் இருவேறு போராட்டங்கள் அல்ல.