பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசப்படாத பாடம்

2007-இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு அது. ஏதேனும் ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகள் 53.22 விழுக்காடு. துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தக் குழந்தைகளுக்கு முன்பே தெரிந்தவர்கள். அதே ஆண்டில்தான் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பள்ளிகளில் நிறுத்தி வைத்தன. படங்கள் வெளிப்படையாக இருக்கின்றன, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம்.

சரி, வீட்டில் சொல்கிறார்களா?

தமிழ்நாட்டில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் மண்டபம் பிடிக்கிறார்கள், தாய்மாமன் சீர் வருகிறது, தெருமுனையில் பிளெக்ஸ் வைக்கிறார்கள். மாதவிடாய் ஏன் வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து சொல்ல ஆள் இருப்பதில்லை. பையன்களின் நிலை இன்னும் மோசம். குரல் உடைவதைக் கேலி செய்வதோடு வீட்டின் கடமை முடிந்துவிடுகிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்ற ஒரே ஒரு வாக்கியத்தை அப்பா சொல்லியிருந்தால், லாட்ஜில் அறை எடுத்து ‘நரம்புத் தளர்ச்சி’க்கு லேகியம் விற்பவர்களின் பிழைப்பு எப்போதோ படுத்திருக்கும். இன்று அந்த இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. பையன்கள் அதில் பார்ப்பதற்குப் பெயர் கல்வி அல்ல.

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 10 முதல் 19 வயதினருக்கான தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 2014-இல் தொடங்கியது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாகப் பயிற்றுவிக்கும் ஆயுஷ்மான் பாரத் பள்ளித் திட்டம் 2020-இல் வந்தது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும், “இதை வீட்டிலேயே படிச்சுக்கங்க, பரீட்சைக்கு இந்த ரெண்டு கேள்விதான்” என்று பக்கத்தைப் புரட்டும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. அந்த ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மறுநாள் ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்தால் துணைக்கு நிற்க யாருமில்லை என்பது அவருக்குத் தெரியும். பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் முன்னதாகவே தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அக்டோபர் 2025-இல் கூறியது. வயதைக் குறைத்தால் மட்டும் இந்த அச்சம் போய்விடாது.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இக்கல்வி பாலுறவைத் தூண்டுவதில்லை என்றே சொல்கிறது.

மருத்துவர்களும் செவிலியர்களும் தங்கள் அறையையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். நாள் தள்ளிப்போன பெண்ணை அம்மா அழைத்து வருகிறார். கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாதான் பதில் சொல்கிறார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “அம்மா, ரெண்டு நிமிஷம் வெளியே உட்காருங்க” என்று சொல்வதும் சிகிச்சையில் அடக்கம்தான். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் கருக்கலைப்புக்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவலும் தர வேண்டும். ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. இது தெரியாததால் பயந்து போலி மருத்துவரிடம் ஓடும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்வது நம் துறையின் வேலை.

பெற்றோரும் அரசும் ஒரே மேசையில் உட்காரும் இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை உருவாக்கி, அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று விதித்தது. கழிப்பறைக் கதவும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் இந்தப் பாடத்தின் புத்தகத்தையும் படங்களையும் பெற்றோர் கையில் கொடுத்துவிட வேண்டும். வகுப்பில் என்ன சொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்த தகப்பனார் மறுநாள் சண்டைக்கு வர மாட்டார். வீட்டில் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்ற தயக்கமும் அவருக்குக் குறையும்.

இந்த இதழைப் படிக்கும் ஒவ்வொரு மருத்துவரும், பள்ளி நலச் செவிலியரும், ஆற்றுப்படுத்துநரும் தம் பகுதியில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அம்மாக்களோடு அப்பாக்களும் வர வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.