இலக்கத் தகடும் தீவக மக்களும்

மின் வாகனங்களுக்கெனத் தனி இலக்கத் தகடு வழங்கும் முறை உலக நாடுகள் பலவற்றில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. இந்தியா 2018 இல் பச்சைத் தகட்டைப் புகுத்திற்று. சீனா முழு மின் வாகனத்துக்கும் மின்னேற்றும் ஹைபிரிட் வாகனத்துக்கும் பச்சைத் தகடே வழங்கினும், எழுத்தால் அவற்றை வேறு பிரிக்கின்றது. பிரித்தானியா 2020 இல் புகை கக்காத வண்டிக்கு மாத்திரம் பச்சைப் பட்டை தந்தது. ஹைபிரிட்டுக்கு அங்கே இடமில்லை. 2025 இல் வாகன இறக்குமதித் தடை நீங்கிய இலங்கையும் இது குறித்துச் சிந்தித்தல் வேண்டும்.

தகரத் துண்டொன்றில் என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர். தமிழ் மக்களிடம் அக்கேள்வி செல்லாது. 1958 மார்ச்சில் சிங்கள 'ஸ்ரீ' பொறித்த பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சியார் தமிழ் எழுத்தைப் பொறித்து அறப்போர் தொடுத்தனர். தென்னிலங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பெற்றன. ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதத்தில் இரத்தம் சிந்திற்று. ஓரெழுத்தைத் திணித்தமை மூட்டிய தீ அது! ஆகவே புதிய அடையாளம் நிறத்தாலும் எண்ணாலும் அமையட்டும்; எம்மொழிக்கும் ஏற்றத்தாழ்வு கற்பியாதிருக்கட்டும்.

தனி அடையாளத்தால் பயன் யாது? மின்கலம் தீப்பற்றினால் அணைக்கும் முறை வேறு. வண்டியைக் கடல் கடந்து படகில் ஏற்றிச் செல்லும் தீவகத்தாருக்கு, ஏற்றப்படுவது எவ்வகை வண்டி என்பதைக் கண்டவுடன் அறிதல் உயிர்ப் பிரச்சினையாகும். ஹைபிரிட் வண்டியிலும் மின்கலம் உண்டு. எனவே அதற்கும் ஓர் அடையாளம் வேண்டும். ஆயின் வரிச் சலுகை வேறு, எச்சரிக்கை வேறு. பெற்றோலும் எரிக்கும் வண்டிக்கு முழுப் பச்சை நிறம் ஈதல் பொய்யாகும்.

ஆனால் தகட்டின் நிறத்தினும் பெரிது மின்சாரத்தின் பிறப்பிடம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நெடுங்காலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பி வந்தவை. டீசலை எரித்துப் பெற்ற மின்னால் ஓடும் வண்டிக்குப் பச்சைத் தகடு மாட்டுவது பகட்டேயன்றிப் பசுமையன்று. இம்மூன்று தீவுகளிலும் காற்றும் வெயிலும் கொண்டு மின் ஆக்கும் திட்டத்துக்கு இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. 1,700 கிலோவாற்று சூரிய மின்னும் 530 கிலோவாற்று காற்று மின்னும் அதன் இலக்கு. அந்த மின்சாரம் ஒவ்வொரு குடிசைக்கும் குறைவின்றிக் கிடைத்தல் வேண்டும்.

கொழும்பில் தகட்டை வரையறுப்போர் குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்து நிற்கும் மக்களையும் கேட்டு முடிவு செய்வாராக. கேளாமல் செய்த முடிவின் விலையை இந்நாடு ஒருமுறை கொடுத்தது போதும்!