வேரின் மணமும் விலையும்

நுழையும்முன்

கோடையில் பருகும் நன்னாரிச் சர்பத்துக்குப் பின்னே ஒரு காட்டுக்கொடியின் வேர் இருக்கிறது. அவ்வேரை இனங்கண்டு தோண்டி எடுத்தவரின் அறிவும் இருக்கிறது. காட்டு மூலிகையை யார் தோண்டலாம், யார் தோண்டலாகாது என்னும் வினாவை எழுப்பி, அதற்கு ஒரு விடையையும் முன்வைக்கிறது இக்கட்டுரை.

சித்திரை வெயிலில் மதுரையின் தெருமுனைக் கடைகளில் நன்னாரிச் சர்பத்து விற்பனை மும்முரமாக நடைபெறும். எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீர், குவளையின் அடியில் இரண்டு விரல் அளவு நன்னாரிப் பாகு, அவ்வளவே. அந்நகருக்கே உரிய ஜிகர்தண்டாவிலும் பாலோடும் கடற்பாசியோடும் நன்னாரி சேர்கிறது. அதை வாங்கிப் பருகுவோர் அனைவரும் நன்னாரியின் மணத்தை நன்கறிவர். அம்மணத்துக்குரிய கொடியைக் காட்டில் கண்டால் அவர்களுள் பெரும்பாலோர் அறியார். இதைக் குறையென்று கூறுவதற்கில்லை. சோறு உண்பவர் எல்லாரும் நெல்வகைகளைப் பிரித்தறிய வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால், நெல் வயலில் விளைகிறது. நன்னாரியோ பெரும்பகுதி புதர்க்காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் தானே முளைத்துத் தானே படர்வது. அதை விதைத்தவர் ஒருவருமில்லை. ஆதலால், எடுத்த இடத்தில் மீண்டும் வளர்கிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் எவரும் ஏற்பதில்லை. இலையைப் பறித்தால் கொடி தழைக்கும். காயைக் கொய்தால் மறுபருவம் காய்க்கும். வேரை முழுவதும் அகழ்ந்துவிட்டால் எஞ்சுவது குழி மட்டுமே.

கொடியை அறிதல்

தாவரவியலார் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ் என வழங்கும் நன்னாரி, மெல்லிய தண்டுடன் பிற செடிகளைச் சுற்றிப் படரும் கொடி. வடமொழியில் இதற்கு அனந்தமூலம் என்று பெயர். முடிவில்லாத வேர் என்பது அதன் பொருள். தோண்டத் தோண்ட மண்ணுக்குள் நீண்டுகொண்டே செல்லும் வேரைப் பின்தொடர்ந்து களைத்த ஒருவர்தாம் இப்பெயரை இட்டிருக்க வேண்டும். தெலுங்கர் மணத்தைப் போற்றிச் சுகந்திபாலா என்பர்.

இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். நடுநரம்பையொட்டி ஓடும் வெண்கோட்டையே பலரும் நன்னாரியின் அடையாளமாகச் சுட்டுவர். அவ்வொன்றை மட்டும் நம்பிக் காட்டுக்குள் செல்பவர் ஏமாறுவது உறுதி. ஒரே கொடியில் சில இலைகள் ஈர்க்குப்போல் குறுகியும் சில நீள்வட்டமாய் அகன்றும் காணப்படும். எல்லா இலைகளிலும் வெண்கோடு தெளிவாக இருப்பதுமில்லை. தண்டைக் கிள்ளினால் பால் வடியும். பூ மிகச் சிறியது. வெளிப்புறம் பசுமையும் உட்புறம் ஊதாச் சாயலும் கொண்டது. மெலிந்த காய்கள் இரட்டையாக விரிந்து நிற்கும். அவை முற்றி வெடிக்கும்போது வெண்பட்டு இழைகளைச் சூடிய விதைகள் காற்றில் மிதந்து செல்லும். இவை அனைத்தும் ஒருசேரப் பொருந்திய பின்னரே, மண்ணைச் சிறிது விலக்கி வேரின் தோலைச் சுரண்டி முகர்ந்து பார்ப்பர் அறிந்தவர்.

மணம் மட்டுமே போதிய சான்றாகுமா எனில், அதுவும் ஆகாது. மலைப்பாறைகளின் இடுக்குகளில் வளரும் மாகாளிக்கும் ஏறத்தாழ அதே மணம் உண்டு. தமிழ்நாட்டுச் சில இல்லங்களில் மோரில் இட்டு ஊறுகாயாக்கும் மாகாளிக் கிழங்கு அதுவே. இரு வேர்களின் மணத்துக்கும் அடிப்படை ஒரே வேதிப்பொருள். வனிலாவுக்கு மணம் தரும் வனிலினில் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனையே இதிலும் உள்ளன; அவை அடுக்கப்பட்டிருக்கும் முறைதான் வேறு. காட்டில் உயிரோடு நிற்கும்போது இரு கொடிகளையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. நன்னாரியின் வேர் மெலிந்து மரத்தன்மை உடையது. மாகாளியின் கிழங்கு சதைப்பற்று மிக்கது. ஆனால், காயவைத்து நறுக்கிச் சாக்கில் கட்டிய பின்னர், அல்லது பொடியாக்கிய பின்னர், பிரித்தறிவது எளிதன்று. ஆகவே, சந்தையில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று விற்கப்படுகிறது.

பருகுபவருக்கு இதனால் பெருங்கேடு எதுவும் நேர்வதில்லை. கேடு மாகாளிக்குத்தான். நன்னாரி இந்தியாவின் பெரும்பகுதியில் பரவி வளர்வது. மாகாளியோ தென்னிந்தியத் தீபகற்பத்தின் மலைத்தொடர்களைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. பெயர் தெரியாமல் செய்யும் ஒரு மாற்று, பரவலாக உள்ள கொடியின் சுமையை அருகிவரும் கொடியின்மீது இறக்கி வைக்கிறது.

பருகுபவருக்கே கேடாக முடிந்த மாற்றும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் எடையைக் குறைக்கும் மருந்தொன்றில் சீன மூலிகை ஒன்று சேர்க்கப்பட்டது. சீன மொழியில் அதன் பெயரை ஒத்த பெயருடைய வேறொரு வேர் அதன் இடத்தில் கலந்துவிட்டது. ஏறத்தாழ 100 பேருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. அவர்களுள் சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் கண்டது. கலந்துவிட்ட அவ்வேர் அரிஸ்டோலோக்கியா என்னும் பேரினத்தைச் சார்ந்தது. தமிழகத்துப் புதர்களில் சுற்றிப் படரும் ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினத்தவை. கிள்ளினால் பால் வடிகிறது என்பதும் காப்புறுதி ஆகாது. நஞ்சுடைய அரளியும் எருக்கும் நன்னாரி இடம்பெறும் தாவரக் குடும்பத்தையே சேர்ந்தவை.

பெயர் நிலைத்தும் பொருள் மறைந்தவை

தாவரங்களைப் பெயரிட்டு அறியும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களாகக் கபிலர் 99 பெயர்களை அடுக்கியுள்ளார். பெயர்கள் ஓலையிலிருந்து ஏட்டுக்கு வந்து இன்றும் நிலைத்துள்ளன. எனினும், அவற்றுள் சில எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் உரையாசிரியர்க்கும் தாவரவியலார்க்கும் இடையே இன்றளவும் ஒருமித்த கருத்து இல்லை. பாடல் பிழைத்தது; பூவைச் சுட்டிக்காட்டிய விரல் இடையில் எங்கோ அற்றுப்போயிற்று.

நூல், படம், கைப்பேசி ஆகிய எதுவும் அவ்விரலுக்கு ஈடாகாது. இன்று இலையை ஒளிப்படம் எடுத்தவுடன் அதன் பெயரைக் கூறும் செயலிகள் வந்துள்ளன. கற்கத் தொடங்குவோர்க்கு அவை நல்ல துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவை காண்பது இலையைத்தான், பருகப்படுவது வேர். அவ்வேர் முற்றியதா, அச்சரிவில் இன்னும் எத்தனை கொடிகள் எஞ்சியுள்ளன, விதை உதிர்ந்துவிட்டதா என்பவற்றைப் படக்கருவி சொல்லாது. காட்டுத் தாவரங்களை அறிதல் என்பது பெயரை அறிதலோடு முடிவதன்று. எதை எடுக்காமல் விடுவது என்பதை அறிதலும் அதனுள் அடங்கும். அவ்விரண்டாம் பகுதியைக் கற்காமல் முதற்பகுதியை மட்டும் கற்றவர் காட்டுக்குள் கடப்பாரையோடு செல்லாதிருப்பதே நன்று. விடுமுறை நாளில் மலையேறி மூலிகை தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொள்வோர்க்கு இக்கூற்று கசக்கலாம். காப்புக்காட்டில் உரிமையின்றி வேர் தோண்டுவது சட்டப்படியும் குற்றமே.

அறிந்தவரின் உரிமை

அவ்வாறெனில், வேர் எடுப்பதையே முற்றிலும் தடைசெய்துவிடலாமே என்று கேட்போர் உளர். காடு காக்கப்பட வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் எழும் வினா இது. ஆயினும், இத்தடை பிழையான இடத்தில் சென்று விழும். இருளர், குறும்பர், காணிக்காரர், மலையாளி முதலிய மலைவாழ் மக்களுக்கு வேரும் தேனும் கிழங்கும் வாழ்வாதாரத்தின் ஒரு பகுதி. மழைக்குப்பின் மண் நெகிழ்ந்திருக்கும்போது தோண்டுவதும், பக்கவேர்களை எடுத்துக்கொண்டு மூலத்தில் ஒரு பகுதியை விட்டுவைப்பதும், குழியை மண்ணிட்டு மூடுவதும் கைப்பழக்கமாகத் தொடர்ந்து வரும் அறிவு. நூலிலிருந்து வந்ததன்று, தோண்டுபவரின் அருகில் அமர்ந்து பார்த்த சிறுவரிடம் சென்று சேர்வது. தோண்டுவதை நிறுத்திவிட்டால் ஒரு தலைமுறைக்குள் அது மறைந்துவிடும். பின்னர், காட்டைக் காப்பதற்கும் அக்கொடி நிற்கும் இடம் தெரிந்தவர் இரார்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதை உணர்ந்தே இயற்றப்பட்டது. மரபுவழியாகச் சேகரித்துவந்த சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் காடுவாழ் மக்களுக்கு அச்சட்டம் உரிமை வழங்குகிறது. மருத்துவத் தாவரங்கள், வேர்கள், கிழங்குகள் ஆகியவை அதில் வெளிப்படையாகவே குறிக்கப்பட்டுள்ளன. உரிமை ஏட்டில் உள்ளது. விலையோ இன்னும் இடைத்தரகரின் தராசில் உள்ளது. அத்தராசு எடையை மட்டுமே அறியும். பாதி வேரை மண்ணில் விட்டுவந்தவர்க்கு அன்றைய கூலி பாதி. முழுவதும் பறித்துவந்தவர்க்கு முழுக்கூலி. இத்தகைய கணக்கை வைத்துக்கொண்டு, மலைமக்கள் காட்டை அழிக்கிறார்கள் என்று பழிசுமத்துவது நேர்மையாகாது. தோண்டும் கையைவிட, நிறுக்கும் கைக்கே பொறுப்பு மிகுதி.

அறிவுக்கு விலை தந்த நிகழ்வு அருகிலேயே ஒன்றுண்டு. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்கு ஆய்வாளர் குழு ஒன்று சென்றது. ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி சோர்வின்றி நடந்தனர். தயக்கத்துக்குப் பின்னரே அச்செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவர ஆய்வு நிறுவனம் ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கியது. உரிமத்தொகையில் பாதி காணிக்காரர்க்கு உரியது என ஏற்றுக்கொண்டது. அத்திட்டம் பின்னர்ப் பல இடர்களைச் சந்தித்தது என்பது உண்மையே. எனினும், செடியைச் சுட்டிக்காட்டிய விரலுக்கும் ஊதியம் உண்டு என்னும் கொள்கை அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. நன்னாரிக்கு அத்தகைய ஏற்பாடு வேண்டும் என்பது மிகையான கோரிக்கை அன்று. பாதி வேரை விட்டுவந்த சுமைக்குக் கூடுதல் விலை தரும் கூட்டுறவுக் கொள்முதல், எந்த மலையில் யார் எடுத்த வேர் என்பதைப் புட்டியின்மேல் பொறித்தல் ஆகிய இரண்டும் செய்யக்கூடியவையே. பருகுபவர் புட்டிக்குச் சில உரூபாய் கூடுதலாகத் தர நேரும். தரட்டும்.

மணப்பொருளையும் நிறத்தையும் சேர்த்து வேரின்றியே நன்னாரிச் சுவை தரும் பாகுகளும் விற்கப்படுகின்றன. மரபை விரும்புவோர் அவற்றை இகழ்வர். வேரைத் தொடாத அப்புட்டி காட்டுக்கு ஊறு செய்வதில்லை என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். உறைமேல் உண்மையை எழுதினால் போதும்.

வேலியோரத்து வேர்

மெய்யான வேரையே விரும்புவோர்க்கும் காட்டுக்குச் செல்லாத வழி உண்டு. நன்னாரி, வேர்த்துண்டிலிருந்தும் தண்டுத்துண்டிலிருந்தும் முளைக்கக்கூடியது. நீர் தேங்காத மண்ணும் படர்வதற்கு ஒரு வேலியும் இருந்தால் போதும். எடுத்த வேரைக் கழுவி, நசுக்கி, நடுவிலுள்ள கட்டை நரம்பை நீக்கி, தோற்பகுதியை இரவு முழுவதும் நீரில் ஊறவைக்கலாம். நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். ஆதலால், பாகைத் தனியே காய்ச்சி ஆறவிட்டு ஊறல் நீரை அதில் சேர்ப்பது ஒரு முறை.

பொறுமைதான் பெரிதும் தேவை. நட்ட ஆண்டில் கொடி மட்டுமே காணக்கிடைக்கும். வேர் பருக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவுடன் ஒரு மாணவர் பள்ளி வேலியோரத்தில் வேர்த்துண்டை நட்டால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு அவர் வெளியேறும்போதும் அது தோண்டும் பருவத்தை எட்டியிராது. அவ்வேரில் செய்த சர்பத்தை அவருக்குப் பின் வரும் வகுப்பினரே பருகுவர்.