பம்ப் ரூமைச் சோதிக்கும்வரை குளத்தைத் திறக்காதீர்கள்

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் அன்பர்களுக்கு, அதே சாலையில் குடியிருக்கும் பெற்றோர்களும் மின்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுமாகச் சிலர் சேர்ந்து எழுதுவது.

எங்கள் நீச்சல்குளத்தில் போன மாதம் நடந்தது இதற்குள் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஒன்பது வயதுச் சிறுமி கரையேற ஸ்டீல் ஏணியைப் பிடித்தாள். பிடித்த கையை அவளால் விட முடியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த காவலாளி தண்ணீரில் குதிக்காமல் நேராகப் பம்ப் ரூமுக்குப் போய் மெயினை அணைத்தார். பிள்ளை பிழைத்தாள். அவர் பதறிக் குதித்திருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும்.

மறுநாள் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையில் "சிறு மின்கசிவு, சரிசெய்யப்பட்டது" என்று ஒரே வரி. எது சிறியது? உடம்பில் ஒரு மில்லியாம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று தெரியும். பத்தை எட்டினால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாது. குழந்தைக்கு அதைவிடக் குறைவே போதும். முப்பதைத் தாண்டினால் மூச்சுத் திணறும், ஐம்பதுக்கு மேல் இதயத் துடிப்பே தாறுமாறாகும். நனைந்த உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 230 வோல்ட் முழுசாகப் பட்டால் 230 மில்லியாம்பியர் பாயும். தண்ணீருக்குள் இருப்பவரைக் கொல்ல அவ்வளவுகூட வேண்டாம். கை கால் மரத்துப்போனால் மூழ்கிவிடுவார். பார்ப்பவர்கள் நீச்சல் தெரியாமல் இறந்தார் என்பார்கள்.

அந்தப் பம்ப் ரூமை நாங்கள் போய்ப் பார்த்தோம். மோட்டாரின் சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. எர்த் வயர் துருப்பிடித்து, தொட்டதும் கையோடு வந்தது. இவற்றையெல்லாம்கூடப் பராமரிப்புக் குறை என்று சொல்லிவிடலாம். பேனல் போர்டில் இருந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. அங்கே இருக்கிறது. ஆனால் அதற்கு வரும் வயரையும் அதிலிருந்து போகும் வயரையும் கழற்றி, நேராக முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். கேட்டால், "மழை பெய்தாலே டிரிப் ஆகுது சார்" என்கிறார்கள்.

டிரிப் ஆவதுதான் அதன் வேலை. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. 30 மில்லியாம்பியர் குறைந்தால், அது வேறெங்கோ கசிகிறது என்று கண்டு ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கும். மாதக்கணக்கில் அது எச்சரித்துக்கொண்டிருந்தது, அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். எலெக்ட்ரீசியன் தானாகச் செய்த வேலை இல்லை இது. பம்ப் ஓடவில்லை, தண்ணீர் பச்சையாகிவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் மணிக்கொரு முறை விரட்டியவர்கள் யார்? "எப்படியாவது ஓட வை" என்று அவருக்கு உத்தரவு போட்டவர்கள் யார்? மின் இணைப்புகளில் இந்தக் கருவி கட்டாயம் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன பிறகும், தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்திலேயே அதைச் செயலற்றதாக்கியிருக்கிறோம். உங்கள் குடியிருப்பிலும் இதே கதை இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்?

"எம்.சி.பி. இருக்கிறதே" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அது வயர் எரியாமல் காக்க வந்தது. ஆளைக் கொல்லும் 230 மில்லியாம்பியர், 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு எழுபதில் ஒரு பங்கு. "எர்த் பிட் இருக்கிறதே" என்றால் அதற்கும் கணக்கு உண்டு. பராமரிக்காத பிட்டின் மின்தடை 20 ஓம் என்றால், 230 வோல்ட்டில் அதிகபட்சம் 11.5 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். எம்.சி.பி. அசையாது, பம்பின் உடலெங்கும் மின்சாரம் ஏறி நிற்கும். உப்புக்காற்று அடிக்கும் ஊர் இது. எர்த் பிட்டில் புதைத்த ஜி.ஐ. பைப் எவ்வளவு நாள் தாங்கும்? 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த தரைத்தளப் பம்ப் ரூம்கள் எத்தனை, அதன்பின் அங்குள்ள கேபிள்களின் மின்காப்பை மெக்கர் வைத்துச் சோதித்தது எத்தனை இடத்தில்?

எர்த் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏணி, கைப்பிடி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, பம்ப் உடல், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரில் இருக்கும் காலுக்கும் ஏணியைப் பிடித்த கைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வராது. எங்கள் ஏணியில் அந்த இணைப்பே இல்லை.

வரும் ஞாயிறு பொதுக்குழுவில் குளத்தை மறுபடி திறக்கத் தீர்மானம் வருகிறது. புது டைல்ஸுக்கும் நீருக்கடி விளக்குகளுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். வயரிங் "அடுத்த ஆண்டு". குளத்துக்குள் பொருத்தும் விளக்கு 12 வோல்ட் ஏ.சி.க்கு மேல் போகக் கூடாது, விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் சாதாரண பிளக் பாயின்ட்டே இருக்கக் கூடாது என்கின்றன சர்வதேச விதிகள். கொட்டேஷனில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாட்டில் ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள். அந்தக் கணக்கில் நம் பிள்ளைகளையும் சேர்க்கத்தான் இந்த அவசரமா?

எங்கள் வேண்டுகோள் இதுதான். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவர், எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043-இன்படி எர்த்தை அளந்து, 500 வோல்ட் மெக்கரில் கேபிளும் மோட்டாரும் ஒரு மெகாஓமுக்குக் குறையவில்லை என்று பார்த்து, ஆர்.சி.சி.பி.யை டெஸ்ட் பட்டனோடு விடாமல் கருவி வைத்தும் சோதித்து, ஏணி இணைப்பை முடித்து, கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். அதுவரை டைல்ஸும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், குளத்தில் யாரும் இறங்கவும் வேண்டாம். பக்கத்துக் குடியிருப்பு அன்பர்களே, உங்கள் பம்ப் ரூம் சாவியை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.

அறிக்கை இல்லாமல் குளம் திறக்கப்பட்டால் மறுநாளே மின் ஆய்வுத்துறையில் எழுத்துமூலம் புகார் தருவோம். ஞாயிறன்று தீர்மானத்தை ஆதரித்துக் கை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கூட்டக் குறிப்பேட்டில் பதியவும் கேட்போம்.